நிலத்தடிக்குச் சென்ற நெடுஞ்சாலை

தமிழ்நாட்டை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நமக்கு மேம்பாலம் என்பது புதுமைப் பொருளன்று. மும்பையில் மொகமதலி சாலையின் மீது செல்லும் நீண்ட பாலத்தை அறிந்தவர்கள் நம்மில் பலர். அதன் ஓரத்து வீடுகளில் மாடியில் குடியிருப்போர் சன்னலைத் திறந்தால், கைக்கெட்டும் தூரத்தில் வண்டிகள் ஓடுகின்றன. பாலத்தின் மேல் செல்பவர் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார். கீழே வாழ்பவர் ஆயுள் முழுதும் அதனுடன் இருக்கிறார்.

இத்தகைய உயர்சாலை ஒன்றைக் கட்டி முடித்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் அதனை இடித்து அகற்றி, அதே சாலையை அதே இடத்தில் நிலத்துக்கடியில் சுரங்கமாக அமைத்துக்கொண்ட நகரம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தின் தலைநகராகிய பாஸ்டனே அது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

பாஸ்டன் 1630-ஆம் ஆண்டில் தோன்றிய நகரம். கடலுக்குள் நீண்டிருந்த ஒரு சிறு நிலப்பகுதியில் குடியேறியவர்கள், பின்னர் தலைமுறை தலைமுறையாகக் கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரை விரித்தார்கள். ஆகவே இன்றைய பாஸ்டனின் நடுப்பகுதியிலே கூட, நிலம் என்று நாம் காண்பதில் பெரும் பங்கு பழைய கடல்தான். வீதிகளோ குறுகலானவை, வளைந்து வளைந்து செல்பவை. மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் இவ்வீதிகள் திணறின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948-இல் ஒரு பெருஞ்சாலைத் திட்டம் வகுக்கப்பட்டது. நகரின் ஊடே எஃகுத் தூண்களை நிறுத்தி, அவற்றின் மீது ஆறு வரிசை வண்டிகள் செல்லும் சாலையை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தனர். 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை 1959-இல் நிறைவுற்றது.

அந்தச் சாலைக்காக ஏறத்தாழ 20,000 மக்கள் தங்கள் இருப்பிடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் தரைமட்டமாயின. இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருங்கி வாழ்ந்த வடமுனைப் பகுதியும் துறைமுகக் கரையும் நகரின் மற்றப் பகுதிகளிலிருந்து ஒரு சுவர் வைத்தாற்போலப் பிரிக்கப்பட்டன. தென்கோடியில் சீனர்கள் வாழ்ந்த பேட்டையும் வெட்டுண்டது. கட்டி வருகையிலேயே எழுந்த எதிர்ப்பு காரணமாக, ட்யூயி சதுக்கத்தருகே உள்ள தென்பகுதியை மட்டும் மேலே கொண்டு செல்லாமல் சுரங்கமாக்கினார்கள். சாலையைக் கீழே கொண்டு போகலாம் என்பது 1950-களிலேயே அறிந்திருந்த செய்திதான் என்பதற்கு அந்தச் சிறு சுரங்கமே சான்று. ஆயினும், எஞ்சிய பகுதி பச்சை வண்ணம் பூசிய எஃகுப் பாலமாகவே நின்றது.

கட்டிய பயனாவது கிட்டியதா என்றால், அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. திறந்த காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 75,000 வண்டிகள் அதில் வசதியாகச் சென்றன. 1990-களின் தொடக்கத்தில் இந்தத் தொகை இரண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஒன்றரை மைல் தூரத்துக்குள் ஏறவும் இறங்கவும் இருபத்தேழு வழிகளை வைத்திருந்தமையால், ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் ஒன்றையொன்று குறுக்கே மறித்தன. நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக வண்டிகள் ஊர்ந்தே சென்றன. நாடெங்கும் உள்ள நகர விரைவுச்சாலைகளின் சராசரியைப் போல் நான்கு மடங்கு விபத்துகள் அங்கே நிகழ்ந்தன. விரைவுக்காக இருபதினாயிரம் பேரை வெளியேற்றிக் கட்டிய சாலையில் விரைவும் இல்லாது போயிற்று.

இதற்கிடையே, இன்னும் பல சாலைகளைக் கட்டும் திட்டமும் அரசாங்கத்திடம் தயாராக இருந்தது. கேம்பிரிட்ஜ், ராக்ஸ்பரி முதலிய பகுதிகளின் வீடுகளை இடித்துச் செல்லும் உள்வட்டச் சாலை அவற்றுள் ஒன்று. வெள்ளையரும் கறுப்பரும், பல்கலைக்கழகத்தாரும் தொழிலாளரும் ஒன்றுகூடி அதனை எதிர்த்தனர். 1970 பிப்ரவரியில் மாநிலக் கவர்னர் பிரான்சிஸ் சார்ஜென்ட் தொலைக்காட்சியில் தோன்றி, அத்தகைய புதிய சாலை வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அவர் அதற்கு முன் சாலை கட்டும் இலாகாவுக்கே தலைமை வகித்தவர் என்பதை எண்ணினால், அந்த அறிவிப்பின் அருமை விளங்கும். சாலைக்காக வெற்றிடமாக்கிய நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர் ரயில் பாதை வந்தது.

அந்த எதிர்ப்பாளர்களுக்குத் துணை நின்றவர்களுள் பிரெட் ஸால்வூச்சி என்னும் இளம் எஞ்சினீயர் ஒருவர். இத்தாலியக் குடும்பத்தில், கொத்து வேலை செய்பவரின் மகனாகப் பிறந்தவர். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். 1960-களில் வேறொரு சாலைக்காக அவருடைய பாட்டியாரின் வீடு எடுத்துக்கொள்ளப்பட்டது. முதிய வயதில் வீட்டை இழந்த அந்த அம்மையாரின் துயரத்தை அவர் பிற்காலத்திலும் பேசி வந்திருக்கிறார். நகரின் நடுவே உள்ள உயர்சாலையை நிலத்துக்கடியில் புதைத்துவிடலாமே என்று ஒரு சாலை ஒப்பந்தக்காரர் அவரிடம் சொன்னபோது, முதலில் அவர் அதனை ஏற்கவில்லை. நகரை மீண்டும் பல ஆண்டுகள் மூடிப்போட முடியாது என்பதே அவருடைய தடை. பழைய சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் கீழே சுரங்கம் அமைக்கக்கூடும் என்று தெளிந்த பிறகே அவர் மனம் மாறினார். மாறிய பிறகு அவர் அந்த எண்ணத்தை விடவேயில்லை.

1975-இல் மைக்கேல் டூகாக்கிஸ் கவர்னரானார். ஸால்வூச்சி போக்குவரத்துச் செயலாளரானார். நான்கு ஆண்டுகளில் ஆட்சி மாறியது. அடுத்து வந்தவர், துறைமுகத்தின் கீழே விமான நிலையத்துக்கு ஒரு சுரங்கம் வேண்டும் என்றாரேயன்றி, உயர்சாலையைப் புதைப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. 1983-இல் டூகாக்கிஸும் ஸால்வூச்சியும் மீண்டும் பதவிக்கு வந்தபோது, இரண்டு சுரங்கங்களையும் ஒரே திட்டமாக இணைத்தனர். வணிகர்கள் கேட்டது ஒன்று, நகரத்தார் கேட்டது மற்றொன்று. இரண்டையும் சேர்த்ததால் இருசாராரின் ஆதரவும் கிடைத்தது. துறைமுகச் சுரங்கம் கரையேறும் இடத்தை விமான நிலையத்தின் நிலத்துக்குள்ளேயே அமைத்து, கிழக்கு பாஸ்டனின் வீடுகளைத் தொடாமல் காத்தார்கள்.

மத்திய அரசாங்கத்தின் பணம் வேண்டியிருந்தது. 1987-இல் இதற்கு வழிசெய்த சட்டத்தை ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் நிராகரித்தார். அந்நிராகரிப்பை மீறுவதற்குக் காங்கிரஸில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். செனட் சபையில் 67 வாக்குகள் ஆதரவாகவும் 33 எதிராகவும் விழுந்தன. ஒரே ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் பாஸ்டனின் வரலாறு வேறாயிருக்கும்.

1991-இல் வேலை தொடங்கியது. எஞ்சினீயர்கள் அதைச் செய்த முறை நம்மை வியக்கச் செய்கிறது. உயர்சாலையின் இரு புறமும் குறுகலான ஆழ்ந்த பள்ளம் தோண்டினார்கள். பக்கங்கள் சரியாமலிருக்க, தோண்டத் தோண்டப் பெண்டனைட்டு என்னும் களிமண்ணைக் கரைத்த குழம்பை உள்ளே நிரப்பினார்கள். அடியில் உள்ள பாறையைத் தொட்டபின், சில இடங்களில் 120 அடி ஆழத்தில், எஃகு உத்தரங்களை இறக்கிக் கீழிருந்து கான்கிரீட்டை ஊற்றினார்கள். கனமான கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வந்து வெளியேறியது. இவ்வாறு மண்ணுக்குள்ளேயே இரண்டு சுவர்கள் எழுந்தன. அச்சுவர்களுக்கு மேல் குறுக்கே பெரிய உத்தரங்களை வைத்து, உயர்சாலையின் பாரத்தை அவற்றின் மீது மாற்றினார்கள். அதன்பின் பழைய தூண்களின் அடியை அறுத்துவிட்டு, இரு சுவர்களுக்கிடையே மண்ணை அகழ்ந்தார்கள். மேலே நாள்தோறும் சுமார் இரண்டு லட்சம் வண்டிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. தம் காலடியில் நடப்பதை அவ்வண்டிகளில் சென்றவர்கள் எவ்வளவு அறிந்திருப்பார்களோ!

நிலத்துக்கடியில் வேறு பாதைகளும் இருந்தன. ஓரிடத்தில் நகர ரயிலின் நீலப் பாதைக்கு மேலாகவும், மற்றோரிடத்தில் சிவப்புப் பாதைக்குக் கீழாகவும் சுரங்கம் செல்ல வேண்டியிருந்தது. தென் ரயில் நிலையத்தருகே இன்னொரு சுரங்கம் தண்டவாளங்களுக்கு அடியில் சென்றது. நூற்றுக்கணக்கான ரயில்களை நிறுத்த இயலாது. மண்ணோ பழைய மரத் துறைகளும் கற்களும் கலந்த குப்பைமேடு. குளிரூட்டிய உப்புநீரைக் குழாய்களில் செலுத்தி அந்த மண்ணை உறையச் செய்தார்கள். உறைந்த மண்ணை முன்னால் குடைந்துகொண்டே, பின்னாலிருந்து கான்கிரீட்டுப் பெட்டிகளைச் சிறுகச் சிறுகத் தள்ளினார்கள்.

மொத்தம் 1 கோடி 60 லட்சம் கன கெஜம் மண் தோண்டப்பட்டது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, நகரத்தின் குப்பையைக் கொட்டி வந்த ஸ்பெக்டகிள் தீவை மூடினார்கள்; 2006-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. மண்ணோடு பழமையும் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் கழிவுக்குழியில், மரத்தில் கடைந்த உருட்டுப்பந்து ஒன்று அகப்பட்டது. கேளிக்கைகளைக் கடிந்துவந்த பியூரிட்டன் மக்கள் ஆண்ட காலத்தில் யாரோ மறைவில் விளையாடியிருக்கிறார்கள் போலும்.

துறைமுகச் சுரங்கம் 1995-இல் திறக்கப்பட்டது. உயர்சாலைக்கு மாற்றான சுரங்கத்தில் வடக்கு நோக்கிய வழி 2003 மார்ச்சிலும், தெற்கு நோக்கிய வழி அவ்வாண்டு டிசம்பரிலும் திறந்தன. பச்சைப் பாலம் அதன்பின் துண்டு துண்டாக இறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் வடமுனை மக்கள் தலைக்கு மேல் பாரமின்றி நகருக்குள் நடந்து சென்றனர்.

இனி இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1980-களின் தொடக்க விலைவாசியில் 280 கோடி டாலர் என்று மதிப்பிட்ட வேலை, முடிவில் 1,460 கோடி டாலருக்கும் மேலாக விழுங்கிற்று. விலைவாசி ஏற்றமும் இடையில் சேர்த்த வேலைகளும் இதில் அடக்கம் என்பது உண்மையே. ஆனால் பொறுப்பின்மையும் இருந்தது. 2004 செப்டம்பரில் சுரங்கச் சுவரில் ஓரிடம் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சுவர் கட்டும்போது கழிவுகளை அகற்றாமல் விட்டதே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. 2006 ஜூலை 10-ஆம் நாள் இரவு நேர்ந்தது இன்னும் கொடியது. துறைமுகச் சுரங்கத்துக்குச் செல்லும் இணைப்புச் சுரங்கத்தில், கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்த கான்கிரீட்டுப் பலகைகள் ஒரு கார் மீது விழுந்தன. கணவருடன் சென்றுகொண்டிருந்த பெண்மணி ஒருவர் மாண்டார். அப்பலகைகளைத் தாங்கிய மரையாணிகளைக் கூரையில் ஒட்டுவதற்குப் பொருத்தமற்ற பசை பயன்படுத்தப்பட்டது என்றும், தொடர்ந்து பாரம் தாங்குகையில் அப்பசை நாளடைவில் மெல்ல இளகி நெகிழும் என்பதை எவரும் கருதவில்லை என்றும் தேசிய விசாரணைக் குழு 2007-இல் கண்டது. 2008-இல், திட்டத்தை மேற்பார்த்த கம்பெனிகளும் வேறு சிலரும் 45 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டனர். அத்தனை பெரிய சுவர்களையும் உறைந்த மண்ணையும் கணக்கிட்டவர்கள், ஒரு கைப்பிடிப் பசையைக் கணக்கிடத் தவறினார்கள்.

வாக்குறுதிகளின் கதையும் இத்தகையதே. சுரங்கத்தால் வண்டிகள் பெருகிக் காற்று கெடும் என்று எண்ணி, அதற்கு ஈடாக ரயில் வசதிகளைப் பெருக்குவதாக மாநில அரசாங்கம் 1990-இல் ஒப்புக்கொண்டது. அவற்றுள் பச்சைப் பாதையின் நீட்டிப்பு 2022-இல்தான் முழுமையாகத் திறந்தது. சிவப்புப் பாதையையும் நீலப் பாதையையும் இணைக்கும் வேலை பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. சாலைக்குப் பணம் நெருக்கியபோது காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் ரயிலில் செல்வோரே. அவர்களில் பெரும்பாலோர் கார் வைத்திருப்போரைவிட வசதி குறைந்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

எல்லா நகரங்களும் இவ்வழியையே பின்பற்றின என்று கூற முடியாது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1989-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பழுதுபட்ட கடற்கரை உயர்சாலையை இடித்துவிட்டு, சுரங்கம் எதுவும் தோண்டாமல், தரையிலேயே ஒரு வீதியை அமைத்துக்கொண்டனர். ஸியாட்டில் நகரம் 2001 பூகம்பத்தில் சேதமுற்ற தன் உயர்சாலைக்கு மாற்றாகத் தோண்டிய சுரங்கத்தை 2019-இல் திறந்தது. தோக்கியோவில் 1964 ஒலிம்பிக் விழாவுக்கு முன் அவசரமாகக் கட்டிய உயர்சாலை ஒன்று, நிஹோன்பாஷி என்னும் புகழ்பெற்ற கற்பாலத்தின் தலைமேல் இன்றும் செல்கிறது. அதனை நிலத்தடிக்குக் கொண்டு செல்லும் வேலை நடைபெறுகிறது.

பாஸ்டனில் உயர்சாலை நின்ற இடத்தில் இப்பொழுது ஒன்றரை மைல் நீளமான பூங்கா இருக்கிறது. பழைய சாலைக்கு, அந்நகரின் மேயராக இருந்த ஜான் பிட்ஸ்ஜெரால்டின் பெயரை இட்டிருந்தார்கள். பூங்காவுக்கு அவருடைய மகளும் ஜனாதிபதி கென்னடியின் தாயாருமான ரோஸ் கென்னடியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்த அம்மையார் 1890-இல் பிறந்தது, அச்சாலை துண்டித்த அதே வடமுனைப் பகுதியில். விடுவித்த நிலத்தில் நான்கில் மூன்று பங்கு திறந்த வெளியாகவே இருக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆகவே மரங்களும் நீரூற்றுகளும் அங்கே வந்தன. 1950-களில் இடித்த வீடுகள் மட்டும் அவ்விடத்தில் மீண்டும் எழவில்லை.