‘என்று’ இருக்கும் இடத்தில் ‘தட்’: ஆங்கில அயற்கூற்றில் காலமும் சொல்தேர்வும்

‘நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக’ என்ற கேள்வி, நம் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த எவருக்கும் நினைவிருக்கும். நிகழ்காலம் இறந்தகாலமாகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு முழு மதிப்பெண். ரென்னும் மார்ட்டினும் எழுதி 1930களில் வெளிவந்த ஆங்கில இலக்கண நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. இந்த மாற்றுப் பயிற்சி மாணவரின் பிழையைத் திருத்துவதில்லை. அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

பிழை பிறக்கும் இடம் ‘என்று’. ‘நான் வருகிறேன் என்று சொன்னான்’ என்னும்போது, அவன் வாயிலிருந்து வந்த காலம், இடம், எண் எதையும் நாம் தொடுவதில்லை. அவன் சொல்லை அப்படியே வைத்து, பின்னால் ‘என்று’ போட்டு மூடுகிறோம். தொல்காப்பியத்தின் இடையியல் ‘என’ என்பதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளைச் சொல்லி, ‘என்று’ என்பதையும் அதனோடு சேர்க்கிறது. பேச்சை மட்டுமல்ல, ஒலியையும் குறிப்பையும்கூட ஏந்தும் இடைச்சொல் அது. அதை ‘தட்’ என்று மொழிபெயர்த்துக்கொண்ட மாணவர், உள்ளே இருக்கும் காலத்தையும் தொடாமல் விடுகிறார். ‘ஹீ செட் தட் ஹீ வில் கம்’ அப்படித்தான் பிறக்கிறது. இது அறியாமை அல்ல. ரஷ்ய மொழியும் அயற்கூற்றில் மூலப் பேச்சின் காலத்தையே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலமோ காலத்தைச் சொன்னவனின் நேரத்திலிருந்து அளப்பதில்லை, எடுத்துச் சொல்பவரின் நேரத்திலிருந்து அளக்கிறது. மொழியியலாளர் யெஸ்பர்சன் 1924இல் இதைக் காலத்தின் பின்னகர்வு என்று விவரித்தார்.

ஆனால் பின்னகர்வு கணக்குச் சூத்திரம் அல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒருவர் நேற்று சொன்னார், ஞாயிறு இன்னும் வரவில்லை என்றால் ‘வில் கம்’ என்பதும் சரியே. சிவப்பு மையால் அதை அடிக்கும் ஆசிரியர்தான் தவறுகிறார். ஞாயிறு கடந்துவிட்டால் ‘வுட்’ மட்டுமே பொருந்தும். அதேபோல, தான் மதுரையில் பிறந்ததாக ஒருத்தி சொன்னால் ‘ஷீ செட் ஷீ வாஸ் பார்ன் இன் மதுரை’ என்பதே இயல்பான ஆங்கிலம். இறந்தகாலத்தை மேலும் ஒருபடி பின்னுக்குத் தள்ளி ‘ஹேட் பீன் பார்ன்’ என்று எழுதச் சொல்வது பட்டியலின் வேலை.

பாடநூல்கள் ‘என்றும் மாறா உண்மை’ என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கின்றன: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோபர்நிக்கஸ் சொன்னார் என்பதில் நிகழ்காலம் மாறாது. சரி. சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று டாலமி சொன்னாரே, அதை எப்படி எழுதுவது? அவரும் என்றும் மாறா உண்மையாகவே அதைச் சொன்னார். ஆயினும் ஆங்கிலத்தில் அங்கே ‘வென்ட்’ என்றுதான் வரும். ‘கோஸ்’ என்றால் எழுதுபவரும் அதை நம்புகிறார் என்ற தொனி வந்துவிடும். ஆக, இங்கே காலத்தைத் தீர்மானிப்பது கூற்றின் தன்மை அல்ல, எடுத்துச் சொல்பவரின் ஏற்பு. விதிவிலக்கு என்று கற்பிப்பதே உண்மையில் விதி.

தமிழுக்கு இந்த நுட்பம் அந்நியமும் அல்ல. ‘வருவதாகச் சொன்னான்’ என்னும் ‘ஆக’ அமைப்பில் நாம் அவன் வாய்ச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ‘வருகிறானாம்’ என்று ஓர் ‘ஆம்’ ஒட்டினால், செய்திக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லியாயிற்று. ஆங்கிலம் காலத்தாலும் வினைத்தேர்வாலும் செய்வதை நாம் ஒரு விகுதியால் முடித்துவிடுகிறோம். ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்பதில் வருபவன் யார் என்ற ஐயமே எழாது. ஆங்கிலத்தின் இரண்டு ‘ஹீ’களுக்கு நடுவே அந்தத் தெளிவு இல்லை. எனவே வகுப்பில் ‘என்று’வையும் ‘ஆக’வையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், ஆங்கிலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மாணவருக்குத் தானே விளங்கும்.

இன்னொரு சோதனை. வீட்டிலிருந்து இன்னும் கிளம்பாதவன் தொலைபேசியில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறான். விரைவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லும் இந்தக் கால மயக்கத்தைத் தொல்காப்பியமும் நன்னூலும் வழுவமைதியாக ஏற்கின்றன. பட்டியல்படி மாற்றினால் ‘அவன் வந்துவிட்டதாகச் சொன்னான்’ என்றாகும். அது பொய். ‘ஹீ செட் ஹீ வாஸ் கமிங்’ என்பதே உண்மையான அயற்கூற்று. வடிவத்தை மாற்றும் பயிற்சி இங்கே கைகொடுக்காது.

சொல்தேர்வுக்கு வருவோம். ‘சொல்’ என்ற ஒரே வினைக்கு ஆங்கிலத்தில் ‘சே’, ‘டெல்’ என இரண்டு. ‘டெல்’ வந்தால் யாரிடம் என்பது உடனே வரவேண்டும். ‘ஹீ டோல்ட் தட்’ என்று நம்மவர் எழுதுவது, தமிழில் கேட்பவரைக் குறிப்பிடாமலே ‘சொன்னான்’ என்று முடிக்க முடிவதால். ‘ஏன் அழுகிறாய் என்று கேட்டான்’ என்பது ‘ஹீ ஆஸ்க்ட் தட் வொய் ஆர் யூ க்ரையிங்’ ஆவதிலும் ‘என்று’வின் கை உண்டு. ‘ஐயோ’ என்றால் ‘துயரத்தோடு கூவினான்’ என்றும், ‘ஆகா’ என்றால் ‘மகிழ்ச்சியோடு கூவினான்’ என்றும் எழுதச் சொல்லும் பயிற்சியோ, யாரும் பேசாத ஓர் ஆங்கிலத்தை நமக்கு மட்டும் உண்டாக்கித் தந்தது. ஒப்புக்கொண்டார், மறுத்தார், சுட்டிக்காட்டினார், அடம்பிடித்தார் என்ற வினைகளுக்கு ஈடான ஆங்கில வினைகளை வகுப்பில் பழக்கியிருந்தால் அந்த நேரம் பயன்பட்டிருக்கும்.

வினாத்தாள் அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனி வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொல்லாதீர்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார், எடுத்துச் சொல்பவர் எந்த நாளில் நிற்கிறார், அதை அவர் நம்புகிறாரா என்று நான்கு வரியில் ஒரு சூழலைக் கொடுங்கள். விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் அத்தனைக்கும் மதிப்பெண் போடுங்கள்.