தெரேசாளுக்குக் கிடைத்த ஆன்ம குரு

ஆன்ம குரு எதற்கு, ஜெபம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு அவிலா நகரின் கன்னியர் மடத்தில் வாழ்ந்த தெரேசாளுக்கு ஜெபத்தில்தான் குழப்பமே வந்தது. 1550களில் அவர் கண்ட காட்சிகளைப் பிசாசின் வேலை என்றனர் நகரத்துப் பக்திமான்கள். காட்சி தோன்றினால் கையால் பழிப்புக் காட்டும்படி கட்டளை வேறு. கிறிஸ்துவையா பழிப்பது? மனம் நொந்து, அவரிடமே மன்னிப்புக் கேட்டபடி கீழ்ப்படிந்தார். சமய விசாரணை மன்றம் இயங்கிய காலம். இப்படிப்பட்ட பேச்சு வெளியே பரவுவதே ஆபத்து.

1560இல் பிரான்சிஸ்கன் துறவி அல்காந்தரா பேதுருவைச் சந்தித்தார். ஜெபத்தில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர் அவர். பொறுமையாகக் கேட்டார், அச்சம் தீர்த்தார், சந்தேகப்பட்டவர்களிடமும் பேசினார். 1562இல் தெரேசாள் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்க, ஆயரிடம் பரிந்துரைத்தவரும் அவரே.

வழிகாட்டிக்குப் பக்தி மட்டும் போதாது, படிப்பும் வேண்டும் என்று தெரேசாள் பின்னர் எழுதி வைத்தார். அரைகுறைப் படிப்பாளிகளிடம் அவர் பட்ட பாடு அப்படி.