கோவளம் தானாகக் கிடைத்த கரை அல்ல

கோவளத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். எழுபதுகளில் நீண்ட முடியும் துணிப்பையுமாக வந்த ஹிப்பிகள், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு மீனவர் கரையைக் கண்டெடுத்தார்கள். அவர்கள் வாய்வழியே ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது என்பார்கள். சுவையான கதைதான். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்பதில்லை. அரண்மனை, மாநில அரசு, மத்திய அரசு என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த முடிவுகளால் உருவான விடுமுறைக் கரை கோவளம். இதை இன்று வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி வெயில் காய்ந்து திரும்பிய அந்தக் காலம் இப்போது தேய்ந்து வருகிறது. கடல் சீறியது, காலம் மாறியது என்று சொல்லி அதைக் கடந்து போய்விடுகிறோம். முடிவுகளால் உருவான ஒன்று தேயும்போது, அதிலும் முடிவுகளின் பங்கு எவ்வளவு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கரைக்கு நீண்ட வரலாறு உண்டு; அதில் ஓய்வுக்கு மட்டும் இடமில்லை. கோவளத்தை ஒட்டியிருக்கும் விழிஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் அதை வென்றதைச் செப்பேடு பெருமையோடு சொல்கிறது. பிறகு சோழர் படையும் அங்கே வந்தது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறிய குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. வடக்கே சங்குமுகத்தில் பத்மநாப சுவாமி ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆறாட்டுக்கு எழுந்தருளுகிறார். அந்த ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்து போவதற்காக இன்றும் விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். வலியதுறையில் பாலம் கட்டிச் சரக்கு இறக்கினார்கள். கரை முழுவதும் முக்குவர் என்னும் மீனவர் குடிகள் கட்டுமரம் தள்ளினார்கள், கரையிலிருந்து கரமடி வலை இழுத்தார்கள். சாமி நீராட, கப்பல் அணைய, வலை இழுக்க என்று கடலுக்குப் பல பயன்கள் இருந்தன. குடும்பத்தோடு போய் மணலில் படுத்துக் கிடப்பது அவற்றில் ஒன்றல்ல. அந்தப் பழக்கம் வெளியிலிருந்து வந்தது, அதுவும் மேலிருந்து வந்தது.

முதல் முடிவு ஓர் அரச குடும்பத்துடையது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ரீஜெண்டாக ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாயியின் கணவர் ராம வர்ம வலிய கோயில் தம்புரான், 1932-இல் கோவளத்துப் பாறை முனையில் ஹால்சியன் கோட்டையைக் கட்டினார். ஆட்சிப் பொறுப்பு முடிந்த குடும்பம் ஓய்வெடுப்பதற்கான வீடு அது. இந்தக் கரையின் முதல் குடும்ப விடுமுறை அங்கேதான் நடந்தது என்று சொல்லலாம். ஏறக்குறைய அதே காலத்தில் அரச குடும்பத்தின் இன்னொரு மருமகனான கர்னல் கோதவர்ம ராஜா, நகரத்தின் கடலோரத்தில் விமானத் தளம் அமைய முன்கை எடுத்தார். 1935-இல் டாடா நிறுவனத்தின் விமானம் அங்கே இறங்கியது. ஜி.வி. ராஜா என்று கேரளம் அறிந்த அவர், 1971-இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறக்கும்வரை, விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் உழைத்தார். கோவளத்தை வெளியுலகுக்குக் காட்டியதில் அவர் பங்கு பெரிது. கடற்கரைக்கு மிக அருகே விமான நிலையம் அமைந்தது பின்னாளில் எவ்வளவு உதவியது என்பதை எண்ணிப் பார்த்தால், அவரை இன்று பலர் மறந்திருப்பது வருத்தமாக இருக்கிறது.

1964-இல் ஹால்சியன் கோட்டை அரசின் கைக்கு வந்தது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1969-74), வெளிநாட்டார் வந்து தங்கும் இடங்களாக வளர்க்க மத்திய அரசு தேர்ந்தவற்றில் குல்மார்க், கோவாவோடு கோவளமும் இருந்தது. அன்னியச் செலாவணிக்குத் தவித்த நாடு தன் கடலை விலைபொருளாகப் பார்க்கத் தொடங்கிய தருணம் அது. மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அங்கே விடுதி வடிவமைத்தார். அந்த வடிவத்தைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அவர் அறைகளை மணலோரத்தில் எழுப்பவில்லை. குன்றின் சரிவில் படிப்படியாகப் பதித்தார். ஒவ்வோர் அறைக்கும் வெயில் காயத் தனி மாடம், வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை. விருந்தினர் கடலைப் பார்க்கலாம், கரை மறைபடாது. பொதுப்பணத்தில் கட்டிய ஒரு விடுதி, கரை எல்லாருக்கும் உரியது என்பதைத் தன் சுவர்களிலேயே ஒப்புக்கொண்டது என்று நினைக்கிறேன். 1972-இல் விழிஞம் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. பின்னாளில் அதன் காலடியில் இருந்த கரைக்கே லைட்ஹவுஸ் பீச் என்று பெயர் நிலைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். விடுதியில் தங்கப் பணமில்லாத இளைஞர்கள்தானே மீனவர் வீடுகளில் அறை எடுத்து, ஊருக்குப் பணப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்? உண்மைதான். சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் வாடகை அறைகளும் அவர்களால் வளர்ந்தன. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது ஏற்கெனவே சாலையும் விமான நிலையமும் பெயரும் பெற்றிருந்த ஓர் இடத்துக்கு. கோவளத்தைப் போலவே பாறை முனைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கும் குடாக்கள் இந்தக் கடற்கரையில் வேறும் உண்டு. அவற்றுக்கு இந்தப் புகழ் வரவில்லை. இயற்கை குடாவைக் கொடுத்தது. அதை விடுமுறைக் கரையாக்கியது மனித முடிவு.

1986-இல் கேரளம் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1991-இல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையமானது. பிரிட்டனிலிருந்து சார்ட்டர் விமானங்கள் வந்த பருவங்களில், பனிக்காலத்தை விட்டுத் தப்பிய குடும்பங்கள் கோவளத்துக்கு வந்து இறங்கின. இந்த வகை விடுமுறையில் டிக்கெட்டுக்கும் அறைக்குமான பணம் புறப்படும் முன்பே அவர்கள் ஊரில் கட்டப்பட்டுவிடும். அதனால் கோவளத்துச் சிறுவியாபாரிக்கு விடுமுறையின் கடைசி நாட்கள் முக்கியமானவை. நாள் குறித்துத் துணி கேட்கும் விருந்தினருக்காகத் தையல்காரர் இரவோடு இரவாகத் தைப்பார். ஊருக்குக் கொண்டுபோகும் பொருள்கள் விற்கும், பழக்கூடைக்காரப் பெண்ணிடமும் குடை வாடகைக்கு விடுபவரிடமும் கணக்கு தீரும். கரையில் புழங்கிய பணத்தில் எளியவர் கைக்கு நேராக வந்தது இதுதான். சுற்றுலா ஊரைக் கெடுத்தது என்று ஒரே அடியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடல் வறண்ட மாதங்களில் இந்த வருமானம் அடுப்பெரித்த வீடுகள் உண்டு.

ஆனால் அதே ஆண்டுகளில் கொரியா காட்டிய ஒழுங்கு உடைந்தது. லைட்ஹவுஸ் பீச்சில் கட்டடங்கள் மணலின் விளிம்புவரை நெருக்கியடித்து எழுந்தன. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்த அறிவிக்கை 1991-இல்தான் வந்தது. அதற்குள் காரியம் பாதி நடந்துவிட்டது. 2002-இல் மத்திய அரசு தன் விடுதியைத் தனியாருக்கு விற்றது. அதோடு கைமாறிய ஹால்சியன் கோட்டையை மீட்க கேரளம் 2005-இல் சட்டம் இயற்றியது; அது உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கடைசியில் 2017-இல், உரிமை கோரும் வழியைத் தக்கவைத்துக்கொண்டு, கட்டடத்தை விடுதி நடத்தும் குழுமத்திடம் மாநில அரசு ஒப்படைத்தது. பொதுச் சொத்தாகத் தொடங்கிய அந்த விடுதியின் கதை இப்படி முடிந்திருக்கிறது.

மணலின் கதை இதைவிடச் சிக்கலானது. தென்மேற்குப் பருவத்தில் அலை மணலை வாரிக்கொண்டு போவதும், மழை ஓய்ந்தபின் திருப்பிக் கொண்டுவந்து போடுவதும் இந்தக் கடற்கரையின் இயல்பு. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஓகிப் புயலுக்குப் பின் சங்குமுகத்தில் மணலும் சாலையும் அடிக்கடி கடலுக்குள் போயின. விழிஞத்தில் புதிய துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்பு கட்டினார்கள். 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அலைத்தடுப்பு மணலோட்டத்தை மறிக்கிறது என்கிறார்கள் மீனவர்கள். அரிப்பு அதற்கு முன்பே இருந்தது, புயல்களும் கூடிவிட்டன என்கிறது எதிர்த்தரப்பு. அரிப்பு பழையது என்பதை ஏற்கலாம். ஆனால் அந்தப் பழைய அரிப்பையும் முழுக்க இயற்கையின் கணக்கில் எழுதிவிட முடியாது. விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தின் தடுப்புகள், கரைநெடுகக் கொட்டிய கற்சுவர்கள், ஆற்று மணலை மறித்த அணைகள் எல்லாம் மனிதர் முடிவெடுத்துக் கட்டியவைதான்.

2019-இல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர். கொரோனாவால் 2021-இல் அது சுமார் 60 ஆயிரமாக விழுந்து, 2023-இல் 6.5 லட்சம் வரைதான் மீண்டது. அதே 2023-இல் உள்நாட்டுப் பயணிகள் 2.18 கோடி. அன்னியச் செலாவணிக்காகத் தேர்ந்தெடுத்த கரை இன்று உள்நாட்டுக் குடும்பங்களை நம்பியிருக்கிறது. அவர்களில் பலர் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் ஒரு மாலை கால் நனைத்துவிட்டு வண்டி ஏறுபவர்கள். அவர்களுக்கு வேண்டியது அகலமான மணலும் தடையில்லாத வழியும். கரமடி இழுப்பவருக்கும் வேண்டியது அதுவே. 2022-இல் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாயிலில் நூறு நாளுக்கும் மேல் போராடியபோது, கட்டுமானத்தை நிறுத்திவைத்துக் கரையரிப்பை ஆராய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் முதன்மையானது. நிறுத்திவைக்க அரசு இசையவில்லை. 1932-லிருந்து இந்தக் கரையைப் பற்றிய பெரிய முடிவுகளை அரண்மனையும், திட்டக்குழுவும், வாங்கிய நிறுவனங்களும் எடுத்துவந்தன. மணல் எந்த மாதம் போகும், எந்த மாதம் திரும்பும் என்று தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருப்பவர்களின் சொல், ஒரு கட்டுமானம் தொடங்கும் முன்பே கேட்கப்பட வேண்டும்.