முதல் வெற்றி என்னும் தூண்டில்

சூதின் வரலாறு பெரும்பாலும் தோற்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தருமன் நாடிழந்தான், நளன் அரசிழந்து, காதல் மனைவியையும் கானகத்தில் பிரிந்தான். ஆயினும் ஒருவனைச் சூதாடியாக்குவது தோல்வியன்று. தொடக்கத்தில் வாய்க்கும் சிறு வெற்றியே ஆகும். சிறுதொகை வைத்துச் சீட்டாட அமரும் புதியவன் முதற் சில நாள்களில் பெறும் ஊதியம், அவன் பின்னாளைய வாழ்வையே திசைதிருப்பி விடுகிறது. அம்முதல் வெற்றியின் இயல்பைத் தமிழ் மரபும் கணித அறிவும் எவ்வாறு உணர்ந்தன என்பதும், சூதால் என்றும் பொருளீட்டியோர் யாவர் என்பதும் ஆராயத்தக்கன.

வள்ளுவர் கண்ட நுட்பம்

தமிழர் வாழ்வில் கவறும் வட்டும் தொன்மையானவை. கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்யப்பட்ட பகடையும், சுடுமண் வட்டுகளும் கிடைத்துள்ளன. ஆடலில் திளைத்த இச்சமுதாயத்திற்கு அறமுரைத்த வள்ளுவர், பொருட்பாலில் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தின் தொடக்கம் ஊன்றி நோக்கற்பாலது. இதிகாசங்கள் தோல்வியின் அவலத்தை விரித்துரைக்க, வள்ளுவரோ முதற்குறளிலேயே வென்றவனை நோக்கிப் பேசுகிறார். அவ்வெற்றியை, மீன் இரையென எண்ணி விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். ஒன்றைப் பெற்று நூற்றை இழப்போர்க்கு நன்மை எய்தி வாழும் வழி உண்டோ என்று அடுத்த குறளில் வினவுகிறார். தோற்றவன் அஞ்சி விலகக்கூடும். வென்றவனோ மறுநாளும் வருவான். ஆகவே எச்சரிக்கை அவனுக்கே முதலில் தேவை என்பது வள்ளுவர் கருத்து எனலாம்.

எண்ணறிவும் கவறும்

சூதுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை நளன் கதை அழகுறக் காட்டுகிறது. தேரோட்டியாய் வாழ்ந்த நளனுக்கு, அயோத்தி மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் கணித்துக் கூறுகிறான். நளன் எண்ணிப் பார்க்க, கணக்குச் சரியாகவே இருக்கிறது. பண்டைக் காலத்தில் தான்றிக்காய்களே கவறுகளாகப் பயன்பட்டன என்பதை நினைவிற்கொண்டால், அம்மரம் கதையில் இடம்பெற்றதன் பொருத்தம் விளங்கும். எண்ணின் நுட்பமும் கவற்றின் நுட்பமும் ஒருங்கே கைவந்த பின்னரே நளன் இழந்த அரசை மீட்கிறான்.

மேலைநாட்டிலும் வாய்ப்பு பற்றிய கணிதம் சூதாட்டத்தினின்றே தோன்றியது. ஆட்டம் இடையில் நின்றுவிட்டால் பந்தயப் பொருளை எவ்வாறு பகிர்வது என்னும் வினா குறித்துப் பாஸ்கல், பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித வல்லுநர் இருவரும் 1654-இல் மடல்கள் எழுதிக்கொண்டனர். யாக்கோபு பெர்னூலி மறைந்தபின் 1713-இல் வெளிவந்த அவரது நூல், நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகவே உண்மையான விகிதம் வெளிப்படும் என்று நிறுவியது. சில ஆட்டங்களைக் கொண்டு ஆடுவோன் திறமையை அளவிட இயலாது என்பதே இதன் பயன்.

இதனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். வெற்றியும் தோல்வியும் சம அளவில் நிகழக்கூடிய ஆட்டத்தில் 1,024 புதியவர் பத்து இரவுகள் ஆடுவதாகக் கொள்வோம். எவருக்கும் தனித்திறமை இல்லை. எனினும் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகளில் வெல்வோர் ஏறத்தாழ 176 பேர் இருப்பர். பத்து இரவும் வெல்பவர் ஒருவரும் இருக்கலாம். இவர்கள் வென்றது தற்செயலே. ஆனால் அவரவர் உள்ளமோ அதனைத் தம் மதிநுட்பம் என்றே கொள்ளும். ஏழும் அதற்கு மேலும் தோற்ற மற்றோர் 176 பேர் வாய்திறவாது வீடு திரும்புவர். ஊரார் செவியில் விழுவது வென்றோர் கதை மட்டுமே. புதியவனுக்கு ஆசை பிறப்பது இவ்வாறுதான்.

குத்தகையும் கூலியும்

ஆட்டத்தை நடத்துவோர்க்கு இத்தகைய ஐயம் ஏதுமில்லை. வென்றவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு அரசுக்குப் பெறவேண்டும் என்று கௌடலியரின் பொருள்நூல் விதிக்கிறது. அச்சிறு பங்கின் ஆற்றலைக் காண்போம். அறுவர் பத்துப் பத்து வெள்ளியுடன் அமர்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஆளுக்கு ஒரு வெள்ளி வைக்க, சேரும் ஆறு வெள்ளியில் நூற்றுக்கு ஐந்தாக 30 காசு விடுதிக்குப் போகிறது. நூறு ஆட்டம் முடியும்போது விடுதி பெற்றது 30 வெள்ளி. அறுவர் கொணர்ந்த பணத்தில் சரிபாதி! அறுவருள் ஒருவன் வென்றிருக்கலாம். அறுவரும் சேர்ந்து தோற்றது உறுதி.

மலாயாவை ஆண்ட ஆங்கிலேயர் இவ்வருவாயை நன்கறிந்திருந்தனர். சூதாட்டம் நடத்தும் தனியுரிமையைக் குத்தகைக்கு விட்டு வரி திரட்டினர். கோலாலம்பூரின் சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் (மறைவு 1885) சந்தையருகே சூதாட்டக் கொட்டகைகள் வைத்திருந்தார். பின்னர்ப் பெருஞ்செல்வரான லோக் இயூவும் இத்தகைய குத்தகைகளை எடுத்தவரே. சிங்கப்பூரில் 1829-இலேயே ஒழிந்த இக்குத்தகை முறை, சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1912 வரை நீடித்தது.

குத்தகை ஒழிந்தும் ஆசை ஒழியவில்லை. கோலசிலாங்கூர் முதல் பாகான் நக்கோடா ஓமார் வரையிலான கடலோரச் சமவெளியில் தென்னையும் ரப்பரும் வளர்த்த நம் பாட்டாளி மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920-களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் அரசு வகுத்த நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. அக்கூலி பெறுவோனுக்கு ஐந்து வெள்ளி என்பது பத்து நாள் உழைப்பு. ஒரே இரவில் அது கைக்கு வருமாயின், பால்மரமும் வெட்டுக்கத்தியும் அவனுக்குக் கசப்பது இயல்பே. இழப்போ அவனோடு நில்லாது, மனைவி மக்களின் உலையரிசியையும் பறித்துவிடும்.

திறமை என்னும் வாதம்

போக்கர் போன்ற சீட்டாட்டம் பகடையைப் போன்றதன்று, அதற்குத் திறமை வேண்டும் என்பாருளர். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று இந்திய உச்சநீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் நற்பேற்றாட்டங்களெனக் குறித்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் பட்டியலை ஏற்க மறுத்தது. எனினும் 2025-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையாயினும் நற்பேறாயினும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. மலேசியாவின் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும், நற்பேறும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்திற்கு ஆடுவதையும் சூதென்றே கொள்கிறது.

திறமை உண்டெனினும், அது வெளிப்பட நெடுங்காலம் வேண்டும். முதல் வாரத்து வெற்றி அதற்குச் சான்றாகாது. திறமையாளனும் தொடக்கத்தில் தோற்கலாம், அறியாதவனும் வெல்லலாம். உண்மை விகிதம் வெளிப்படும் வரை காத்திருக்கும் பொருள்வளம் விடுதிக்கு உண்டு. நாட்கூலி பெறுவோனுக்கு இல்லை.

கெந்திங் மலையில் 1971-இல் உரிமம் பெற்ற விடுதி திறக்கப்பட்டது. இன்றோ கைப்பேசியே விடுதியாகிவிட்டது. இடம் மாறினும் தூண்டில் மாறவில்லை. குறளின் சூது அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பொருள் கூறுவதோடு அமையாது, மேற்காட்டிய கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் நலம். தோற்றவனுக்கு இரங்குவது எளிது. வென்று களித்திருப்பவனிடம் அவ்வெற்றியின் பொருளை உணர்த்துவதே அரிய பணி. வள்ளுவர் மேற்கொண்ட பணியும் அதுவே.