பிறந்த மாதமும் முதுமையின் மறதியும்

பள்ளிவாசலுக்குப் போன வாப்பா வீட்டுக்கு வரும் வழியை மறந்து நிற்கிறார். டிமென்ஷியா எனும் மறதி நோய் இப்படித்தான் நமக்குத் தெரிய வருகிறது. அதன் வேர் கருவறை வரை செல்லுமா?

ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்ததில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்களைவிடச் சற்றே குறைவாக இருந்தது. பழங்கள், காய்கறிகள் தாராளமாகக் கிடைத்த கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அத்தாய்மார்கள் கர்ப்பமாக இருந்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகளின் தடையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்கள், 60 வயதை நெருங்கும்போது கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் பின்தங்கினர்.

ஆயினும் பிறந்த மாதத்தை நினைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அதன் தாக்கம் மிகச் சிறியது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமை, புகைபிடித்தல், தனிமை ஆகியவை அவற்றுள் சில. அனைத்தையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு.

எனவே கர்ப்பிணி மருமகளுக்குச் சத்தான உணவு கொடுப்போம். வாப்பாவின் ரத்த அழுத்தத்தையும் செவித்திறனையும் பரிசோதிப்போம். தினமும் அவர் அருகில் அமர்ந்து பேசுவோம். மறதி கூடினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.