டாக்டர் மானும் துப்பாக்கியும்

கல்லூரியில் படித்தபோது நான் என்.ஸி.ஸி.யில் சேர்ந்திருந்தேன். தேசபக்தியினால் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பரேடு முடிந்ததும் கொடுத்த பூரிக் கிழங்கினால் சேர்ந்தேன் என்பதே உண்மை. ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு மண்மேட்டுக்கு எதிரே எங்களைக் குப்புறப் படுக்க வைத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்துச் சுடச் சொன்னார்கள். நானும் சுட்டேன். காகிதத்தை எடுத்து வந்து பார்த்தால் மூன்று துளைகள் மூன்று திசையில் இருந்தன. பாக்கி இரண்டைக் காணவே காணோம்.

"துப்பாக்கி சரியில்லை, ஸார்" என்றேன்.

ஹவில்தார் பதில் பேசவில்லை. அதே துப்பாக்கியை வாங்கினார். அதே இடத்தில் படுத்தார். ஐந்து முறை சுட்டார். அந்த ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, தம்பி" என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

குறி தவறினால் குற்றம் மனிதனுடையதுதான் என்று அன்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் வெகு காலம் அசையாமல் இருந்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், மில்போர்டு என்ற ஊரில் வாழ்ந்த ஒரு டாக்டரைப் பற்றிப் படித்த பிறகுதான் அது ஆட்டம் கண்டது. அவருடைய பெயர் பிராங்க்ளின் மான். வேட்டைத் துப்பாக்கியை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததை நம்மவர்கள்தான் ரசிக்க முடியும்!

மான் 1856-ல் பிறந்தவர். வைத்தியம் படித்தவர். ஆனால் அவருக்குப் பணம் வந்தது வைத்தியத்தினால் அல்ல. கோழிகளுக்குத் தீனியாக எலும்பை நறுக்கிப் போடும் ஒரு யந்திரத்தைக் கண்டுபிடித்துத் தயாரித்து விற்றார். அது நன்றாக விற்றது. கோழிகளின் புண்ணியத்தில் கிடைத்த ஓய்வையும் ஐசுவரியத்தையும் ஒரே ஒரு கேள்விக்காகச் செலவழித்தார். ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே அச்சில் வார்த்த குண்டு. அப்படியிருக்க, ஒரு குண்டு போன இடத்துக்கே அடுத்த குண்டு ஏன் போகவில்லை?

அந்தக் காலத்தில் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தவர்கள் பலரும் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். ஈயத்தை உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து, அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார்கள். வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. அடியில் புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா தயார். நம் வீட்டுப் பெண்கள் அப்பளம் இடுவதைப் போல, இதிலும் ஒவ்வொரு கைக்கும் ஒரு பக்குவம் உண்டு. பலன் சரியில்லாவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது என்பதில்தான் தகராறு. மருந்து ஒரு சிட்டிகை கூடியிருக்கலாம். குண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி இருந்திருக்கலாம். துப்பாக்கிக் கட்டையின் திருகு தளர்ந்திருக்கலாம். குழலுக்குள் ஈயம் அப்பியிருக்கலாம். குழலின் வாய் விளிம்பில் ஒரு சின்ன வடு விழுந்திருக்கலாம். அல்லது சுட்டவன் விசையை இழுக்கும்போது மூச்சு விட்டிருக்கலாம்!

இலக்குப் பலகையில் குறி தவறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை, காகிதத்தில் வேண்டாத இடத்தில் ஒரு துளை. காட்டில் அப்படியல்ல. நாலு அங்குலம் விலகிப்போன குண்டு மானின் இருதயத்துக்குப் பதிலாக வயிற்றில் பாய்கிறது. அது அங்கே விழாது; ஓடும். இருட்டும் வரையில் தேடிவிட்டு வேட்டைக்காரன் வீட்டுக்குப் போய்விடுவான். அது எங்கேயோ ஒரு புதருக்குள் விடியும் வரை கிடந்து சாகும். வேட்டையை நான் ஆதரிப்பவன் அல்ல. நம் நாட்டில் 1972-ல் வந்த சட்டம் அதற்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டதில் எனக்குப் பரம திருப்தி. ஆனால் வேட்டை நடக்கும் நாட்டில், தன் துப்பாக்கி ஏன் தவறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் காட்டுக்குள் நுழைகிறவனைவிட, தெரிந்துகொள்ளும் வரை நுழையாதவன் எவ்வளவோ மேல்.

மான் செய்த முதல் காரியம் மனிதனை அப்புறப்படுத்தியது. கான்கிரீட்டினால் ஒரு கனமான மேடை கட்டினார். அசையாத அந்த மேடைக்கு ஜிப்ரால்டர் என்று பெயரும் வைத்தார். அதன்மேல் 'வி' எழுத்தைப் போன்ற பள்ளம் உள்ள ஓர் இரும்புத் தாங்கி. அந்தப் பள்ளத்தில், கட்டையும் கைப்பிடியும் இல்லாத வெறும் குழலைப் படுக்கவைத்துச் சுட்டார். தோளும் இல்லை, கண்ணும் இல்லை, மூச்சும் இல்லை. காற்று குண்டைத் தள்ளுகிறதோ என்ற சந்தேகம் வந்தபோது, குண்டு போகும் பாதையையே துணியால் மூடிவிட்டார். அதன் பிறகும் குண்டுகள் சிதறின! காரணம் தெரியாத அந்தச் சிதறலுக்கு 'எக்ஸ் பிழை' என்று பெயரிட்டார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால் கோழி வியாபாரத்துக்குத் திரும்பியிருப்பான். மான் ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியே கூண்டில் ஏற்றி விசாரித்தார். குண்டு போகும் வழியில் காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்தினார். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் போகிறது, நீண்டிருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு போகிறது. எண்ணெய் கலந்த மரத்தூளுக்குள் சுட்டு, நசுங்காத குண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பரிசோதித்தார். அப்புறம், வேண்டுமென்றே குண்டுகளைக் கெடுத்துச் சுட்டுப் பார்த்தார். குண்டின் மூக்கைச் சிதைத்தால் அதிகக் கெடுதல் இல்லை. அடிப்பாகத்தில் ஒரு சிறு பழுது உண்டாக்கினாலோ, குண்டு எங்கேயோ போயிற்று. கூர்மையான மூக்குத்தான் குண்டை வழிநடத்துகிறது என்று நாம் எல்லோரும் நினைப்போம். உண்மையில், குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடிப்பாகம். பின்னாலிருந்து சீறி வரும் வாயு அந்த அடியில் கோணலைக் கண்டால் குண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

இன்னொரு பெரிய குற்றவாளி குண்டின் எடைச் சமநிலை. குழலின் உட்புறத்தில் இருக்கும் முறுக்கு வரிகள் குண்டைப் பம்பரமாகச் சுழற்றுகின்றன. 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியேறும். குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால் விநாடிக்கு 3,240 சுற்று! இப்படிச் சுழலும் குண்டின் கனமையம் அச்சிலிருந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகியிருந்தால் போதும். இது தலைமயிரின் பருமன்கூட இல்லை. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல அது பக்கவாட்டில் நழுவி, 100 கஜ தூரத்தில் சுமார் இரண்டேகால் அங்குலம் தள்ளிப் போய் விழும். கணக்கில் எனக்கு எப்போதும் தகராறு; இதை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மானுக்குக் குழல்கள் செய்து கொடுத்தவர்களில் ஹாரி போப் என்பவர் தனி ரகம். அவருடைய துப்பாக்கியில் குண்டை முன்வாய் வழியாகப் பதனமாக இறக்குவார்கள். மருந்து நிரப்பிய கூட்டைப் பின்புறம் வைப்பார்கள். நாள் முழுவதும் ஒரே பித்தளைக் கூடு! ஒவ்வொரு முறையும் அதையே திரும்ப நிரப்புவார்கள். இதனால் குண்டின் அடிப்பாகம் பழுதுபடாமல் குழலுக்குள் இறங்கியது. 1906-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ பூகம்பத்தில் போப் தொழிற்சாலையை இழந்தார். பிறகு ஜெர்ஸி ஸிட்டியில் குடியேறி முதுமை வரையில் வேலை செய்தார். வேலை எப்போது முடியும் என்று கேட்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்ற கருத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தாராம். தொடர்கதைக்கு அடுத்த அத்தியாயம் எங்கே என்று ஆள் அனுப்பும் ஆசிரியர்களுக்காக அப்படி ஒரு பலகை மாட்டலாமா என்று யோசித்தேன். வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை.

1909-ல் மான் தம் ஆராய்ச்சிகளைப் புத்தகமாக வெளியிட்டார். தோற்றுப்போன பரிசோதனைகளையும் மறைக்காமல் எழுதிய புத்தகம் அது. எக்ஸ் பிழை முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆனால் அதன் பெரும் பகுதிக்குப் பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டன. கையால் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்றும் அந்த வழியில்தான் போகிறார்கள். முதலில் திருகுகளைப் பார்ப்பார்கள். குறிபார்க்கும் தூரதர்சினி உறுதியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார்கள். குழலைச் சுத்தம் செய்வார்கள். குழல் மரக்கட்டையில் எங்கேயாவது உரசுகிறதா என்று ஒரு காகிதத்தை நுழைத்து இழுப்பார்கள். அதன் பிறகுதான் தோட்டாவுக்கு வருவார்கள். மருந்தின் எடையை மாற்றுகிற நாளில் குண்டை மாற்றமாட்டார்கள். அவசரக்காரர்கள்தான் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் விழிப்பார்கள். மூன்று குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்ததைப் பார்த்துக் கூத்தாடுகிறவர்களும் உண்டு. நாலாவது குண்டு வந்து அவர்களுக்குப் புத்தி சொல்லும்.

மான் 1916-ல் காலமானார். தோட்டாக்களைச் சோதிப்பதற்காகத் தாங்கியில் வைத்துச் சுடும் கனமான குழலுக்கு அமெரிக்காவில் இன்றும் 'மான் குழல்' என்றே பெயர் வழங்குகிறது. அதற்குக் கட்டை கிடையாது. தோளில் வைத்துச் சுட ஹவில்தாரே வந்தாலும் முடியாது.