கரு காத்திருந்த 53 நாட்கள்

இந்த வாரம் சேர்வராயன் மலைக்குக் காபி வந்த கதையைச் சொல்றதா இருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம் இருக்கு.

நான் இப்போ ஏற்காட்டில், அம்மா வீட்டிலிருந்து பேசுறேன். நடுவில் குரங்கு ஓட்டு மேல குதிக்கிற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. சமீபத்தில் எனக்கு ஐ.வி.எஃப். சிகிச்சை நடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்தில் ஸ்கேன். சாயங்காலம் ஏறி வந்து வயிற்றில் ஊசி. “மலையிலயும் ஊசி, வயித்துலயும் ஊசி”ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். 14 முட்டை எடுத்தாங்க. மூணு கரு நல்லா வளர்ந்துச்சு. இனி கருப்பையில் வைக்க வேண்டியதுதான்னு நினைச்சப்போ டாக்டரம்மா சொன்னாங்க: “இந்த மாசம் வேண்டாம்மா. மூணையும் ஃப்ரீஸ் பண்ணிடலாம். பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் பார்ப்போம்.”

எனக்கு அழுகை வந்துருச்சு. கரு இருக்கு, கருப்பை இருக்கு, நானும் இருக்கேன். எதுக்குக் காத்திருக்கணும்? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதில்தான் இன்றைய கதை கிடைத்தது.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துடுவோம். பள்ளிக்கூடத்தில் 28 நாள் என்று ஒரு வட்டம் போட்டு, 14-ம் நாள் முட்டை வரும்னு எழுதி முடிச்சுட்டாங்க. முட்டை எப்போது வெளியேறுகிறது என்பது மருத்துவ உலகத்துக்கே 100 வருஷம் முன்னாடிதான் தெளிவானது. ஜப்பானில் நீகாட்டா நகரத்து டாக்டர் கியூசாகு ஓகினோ, 1924-ல் கணக்கைத் திருப்பிப் போட்டார். போன பீரியட்ஸிலிருந்து எண்ணாதீங்க, வரப்போகும் பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. அதற்கு 12 முதல் 16 நாள் முன்னாடி முட்டை வெளியேறும். அப்படின்னா 35 நாள் சுழற்சி உள்ளவங்களுக்கு அது 21-ம் நாள் வாக்கில். ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸும் தனியாக ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்.

இந்தக் கணக்கை நடத்துவது ஹார்மோன்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, மாதத் தொடக்கத்தில் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அனுப்புது. சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பைகள் சில ஒன்றாகக் கிளம்பும். அதில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும்; கூடவே பிட்யூட்டரியிடம் “போதும்” என்று சொல்லும். எஃப்.எஸ்.ஹெச். குறைய, மற்ற நீர்ப்பைகள் வாடிடும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் நின்றதும் எல்.ஹெச். ஒரேயடியாக எழும்பும். சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். எங்க மலைக்காரங்களுக்கு இது எளிதில் புரியும். காபி மொட்டு தயாராகி, செடியிலேயே தூங்கிக்கிட்டு இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தா, ஒன்பது பத்து நாளில் தோட்டமே வெள்ளை வெளேர்னு ஆயிடும்.

முட்டை போன பிறகு, மிச்சமிருக்கும் நீர்ப்பை புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். சவ்வு கருவை ஏற்கும் நிலைக்கு வருவது அதனால்தான். அதுவும் சில நாட்கள் மட்டுமே. கரு வரலைன்னா புரொஜெஸ்டிரோன் இறங்கும், பீரியட்ஸ் வரும்.

எனக்குப் போட்ட ஊசி, எஃப்.எஸ்.ஹெச்.சைக் குறையவே விடாது. வாட வேண்டிய நீர்ப்பைகளும் வளரும். அதனால்தான் 14 முட்டை. ஆனா ஒன்றுக்குப் பதில் இத்தனை நீர்ப்பைகள் சுரந்தா ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறும். புரொஜெஸ்டிரோனும் முந்திக்கொள்ளலாம். கருவுக்கு ஐந்தாம் நாள். சவ்வின் கடிகாரமோ அதைத் தாண்டி ஓடியிருக்கும். அந்த மாதமே கரு தங்கினா, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் கூடும். எல்லாருக்கும் இது பொருந்தாது. பலருக்கு அதே மாதத்தில் வைத்தாலும் பலன் நல்லாத்தான் இருக்கு. என்னைப் போல நிறைய முட்டை வர்றவங்களுக்குத்தான் டாக்டர்கள் அதிகம் தயங்குறாங்க.

சரி, இந்த ஊசி எங்கிருந்து வந்தது? ஏற்காட்டில் வளர்ந்த எங்களுக்குக் கன்னியாஸ்திரிகள் தினசரிக் காட்சி. அவங்களுக்கும் குழந்தை பெறும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு கனவிலும் நினைச்சதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் எஃப்.எஸ்.ஹெச். ஏராளம், சினைப்பை பதில் சொல்லாததால் பிட்யூட்டரி கத்திக்கிட்டே இருக்கும். அது சிறுநீரில் வெளியேறும். ரோம் நகர செரோனோ நிறுவனத்தின் பியரோ டோனினி அதைப் பிரித்தெடுத்தார். புரூனோ லூனன்ஃபெல்ட் என்ற டாக்டர் அதை மருந்தாக்க முனைந்தபோது, லிட்டர் கணக்கில் சிறுநீர் தேவைப்பட்டது. வயதான கன்னியாஸ்திரிகள் இருந்த மடங்களிலிருந்து அது வந்தது. பெர்கோனல் என்ற அந்த மருந்தால் முதல் குழந்தை 1962-ல் இஸ்ரேலில் பிறந்தது.

1978-க்கு வருவோம். இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் இந்த மாதிரி மருந்துகளைக் கொடுத்து முட்டைகளை எடுத்துப் பார்த்தாங்க. கரு உருவானது, தங்கவில்லை. கடைசியில் மருந்தையே விட்டுட்டு, இயற்கைச் சுழற்சியில் வரும் ஒரே முட்டைக்காக, எல்.ஹெச். எழும்பும் நேரத்தைச் சிறுநீரில் பார்த்துக் காத்திருந்தாங்க. ஜூலை 25-ல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

அதே சிக்கலுக்குக் கல்கத்தாவில் ஒருத்தர் வேறு வழி வைத்திருந்தார். சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் ஆராய்ச்சியில் எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா இருவரும் அவர் கூட்டாளிகள். அவர் மருந்தை விடவில்லை. மருந்து கொடுத்துப் பல முட்டைகளை எடுத்தார், கருவாக்கினார், உறைய வைத்தார். மருந்தால் குழம்பிய மாதம் கடந்து போகட்டும்னு விட்டுட்டார். 53 நாள் கழித்து, ஒரு இயற்கைச் சுழற்சியில் கருவைத் தாயின் கருப்பையில் வைத்தார். அக்டோபர் 3-ல் ‘துர்கா’ பிறந்தாள், லூயிஸுக்கு 70 நாள் இளையவளாக. உறைய வைத்த கருவில் பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட முதல் குழந்தை ஆஸ்திரேலியாவில் 1984-ல்தான்.

எனக்கு டாக்டரம்மா சொன்ன அதே யோசனை. அதுக்காக அவருக்கு என்ன கிடைத்ததுன்னு படிச்சப்போ எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. இந்தத் துறையில் வேலை செய்தவங்க அதில் இல்லை. இவ்வளவு மின்வெட்டு உள்ள ஊரில் கருவை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்றுகூடக் கேட்டதாகச் சொல்வாங்க. (திரவ நைட்ரஜனில் இருக்கும் கருவுக்குக் கரண்டே வேண்டாம்!) அவர் சொன்னதை நம்ப முடியாதுன்னு குழு முடிவு கட்டியது. ஜப்பானுக்குப் போய்ப் பேச அழைப்பு வந்தது, அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினாங்க. ஹார்மோன் நிபுணரைக் கண் ஆஸ்பத்திரிக்கு! ஜூன் 19-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

அடுத்து மும்பையில், 1986 ஆகஸ்ட் 6-ல் ஹர்ஷா பிறந்தாள். டி.சி. ஆனந்த் குமார், இந்திரா ஹிந்துஜா குழுவின் சாதனை; இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைன்னு பேர். 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் குழந்தையைக் கொண்டுவந்தார். 1997-ல் ஆனந்த் குமாரின் கையில் சுபாஷின் குறிப்புகள் சேர்ந்தன. உட்கார்ந்து படித்தார். பிறகு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், முதல் குழந்தையின் சிற்பி நான் இல்லை, சுபாஷ்தான் என்று எழுதினார். தனக்கு இருந்த பட்டத்தைத் தானே கழற்றிக் கொடுத்தவங்களை விஞ்ஞானத்தில் அதிகம் பார்க்க முடியாது.

என் மூணு கருவும் இப்போ சேலத்தில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கு. மூணு வருஷமா பீரியட்ஸ் வந்தாலே பாத்ரூமில் உட்கார்ந்து அழுத ஆள் நான். இந்த முறை அம்மா தினமும் “வந்துருச்சாடி?”ன்னு கேட்க, நானும் காலண்டரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் காலையில வந்துருச்சு. நாளைக்கு ரெண்டாம் நாள் ஸ்கேன், விடியக்காலை பஸ்ஸைப் பிடிக்கணும். காபிக் கதையோடு அடுத்த வாரம் வர்றேன்.